சளி பிடித்த வீடு

பேச்சு அறைக்கு இரண்டு கதவுகள். முதல் கதவைத் திறந்தால் ஒரே ஒரு ஆள் நிற்கக்கூடிய இருட்டுச் சந்து. அதை மூடிய பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். இரண்டும் தடித்த பலகை, ஓரமெல்லாம் ரப்பர். ஜன்னல் கிடையாது. ஒரு பக்கச் சுவரில் மட்டும் இரட்டைக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் பதிவு மேசை. மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே. ஏசியையும் நிறுத்திவிடுவார்கள். அதன் உறுமல் மைக்கில் ஏறிவிடும்.

காலை பத்து மணிக்கு அந்த அறையில் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் படத்தின் இயக்குநர். இன்னொருவர், படம் எந்த நாவலிலிருந்து எடுக்கப்பட்டதோ அதைக் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்தும் பேராசிரியர். மூன்றாவது ஆள் படத்துக்கு ஒலி தொகுத்தவன். முப்பத்தொரு வயது. எவ்வளவு சின்னச் சத்தத்தையும் பிடித்துவிடுவான் என்பதால் ஸ்டூடியோவில் அவனுக்குப் பாம்புச்செவி என்று பெயர், அவசரத்துக்குப் பாம்பு. இயக்குநருக்கு மட்டும் அவன் மாப்பிள்ளை. அவருடைய தங்கையைத்தான் கட்டியிருந்தான். அவள் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

படத்தின் பெயர் ‘உட்தாழ்’. நாவலின் பெயரும் அதுதான். நூறு வருடத்துப் பழைய நாவல். கல்லூரிப் பிள்ளைகள் தேர்வுக்காகப் படித்து, தேர்வோடு மறப்பது. மழைக்காலம் முடியும் வரை ஒரு காலி மாளிகையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள். தினமும் காலையில் ஓர் அறை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் கிடக்கிறது. உள்ளே யாரும் இல்லை. அவ்வளவுதான் கதை. படம் நான்கு நாள் ஓடியது. நாவல் படித்தவர்கள் பேய்ப் படம் நமக்கெதற்கு என்று வரவில்லை. பேய்ப் படம் பார்க்கிறவர்கள் வந்துவிட்டு, பேய் எங்கே என்று கேட்டுக்கொண்டே எழுந்துபோனார்கள். நான்காம் நாள் பகல் காட்சியில், தூங்கிக்கொண்டிருந்தவரையும் சேர்த்து நான்கு பேர் இருந்தார்களாம். அதில் ஒருவர் இந்தப் பேராசிரியர். வீட்டுக்குப் போய் முப்பது பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு வருடம் அதை யாரும் சீந்தவில்லை. பிறகு எப்படியோ அது கைமாறிக் கைமாறி ஒரு நிறுவனத்தின் கண்ணில் பட்டு, படத்தைத் துடைத்து மறுபடி வெளியிட அவர்கள் முன்வந்தார்கள். கூடவே ஒரு பேச்சுத் தடம். படம் ஓட ஓட மூன்று பேர் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும், வேண்டியவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

பாம்புச்செவி பேச வரவில்லை. ஒரு சத்தத்தை எடுத்துப்போட வந்திருந்தான்.

அந்தச் சத்தம் அவன் மனைவியின் மூச்சு.

அவள் குரல் கொடுக்கிறவள். படத்தின் கதாநாயகிக்கு அவள்தான் பேசினாள். இதே அறையில், இதே மைக்கில். கடைசி நாள் வேலை முடிந்ததும் வழக்கம்போல அவன் அறையின் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவு செய்தான். இந்தத் தொழிலில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. வெறும் அறைக்கும் ஒரு சத்தம் இருக்கிறது. வசனத்துக்கு வசனம் இடைவெளியில் அதை இட்டு நிரப்பாவிட்டால் படம் ஓட்டை ஓட்டையாகக் கேட்கும். அந்த ஒரு நிமிடமும் அறையில் யாரும் இருக்கக்கூடாது. இரண்டு கதவையும் திறந்து மூடச் சோம்பல்பட்டு அவள் நாற்காலியிலேயே இருந்துவிட்டாள். அசையாமல்தான் இருந்தாள். ஆனால் மூச்சு விடாமல் இருக்க முடியுமா.

தொகுப்பு அறையில் அவன் அதைக் கண்டுபிடித்தபோது அவனுக்குப் பிடித்துப்போனது. மூன்றில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்தான். மனித மூச்சு போய் ஏதோ பெரிய பொருள் மூச்சு விடுவதுபோல் ஆனது. இழுத்து முடிக்கும் இடத்தில் மெல்லிய ஒரு விசில். அதுதான் அவனுக்கு மிகவும் பிடித்தது. ஐம்பத்து மூன்று விநாடித் துண்டைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, மாளிகையின் உட்புறக் காட்சிகள் அத்தனைக்கும் அடியில் விரித்தான். அவளிடம் மட்டும் போட்டுக் காட்டினான். விசில் வந்த இடத்தில், “வீட்டுக்குச் சளி பிடிச்சிருக்கு” என்றான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து இருமினாள். நான்கு மாதம் அந்தச் சத்தத்தோடு காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மருத்துவரிடம் அவள் போனது, அந்தப் பதிவு நடந்து எட்டு மாதம் கழித்து. அண்ணனும் கூட வந்திருந்தார். நுரையீரல் கெட்டிப்பட்டுக்கொண்டு வருகிறது என்றார் மருத்துவர். குழாயை அவள் முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, “இந்த விசில் எத்தனை நாளா இருக்கு?” என்று பாம்புச்செவியைப் பார்த்துக் கேட்டார். அவனுக்குத் தேதியே தெரியும். இரண்டு மாதம் இருக்கும் என்றான். அவள் அவனைப் பார்த்தாள். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் பேச்சே வேறு என்றார் மருத்துவர். இன்னும் ஆறு மாதம் இருந்தாள்.

மறுவெளியீட்டுக்காகப் படத்தின் குறைகளைப் பட்டியல் போடச் சொன்ன வேலையும் அவனிடமே வந்தது. பதினேழு குறை எழுதினான். பதினோராவது: ‘உட்புறக் காட்சிகளில் தொடர் இரைச்சல். நீக்கலாம்.’ நீக்கிய தடத்தையும் தானே தயார் செய்து வைத்துவிட்டான். ஒவ்வொரு குறைக்கும் எதிரே, இருக்கட்டும் அல்லது எடு என்று இயக்குநர் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மச்சான் அதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை. சாயங்காலத்துக்குள் கையெழுத்து விழுந்துவிட்டால், அந்த மூச்சு உலகத்தில் எங்கேயும் இருக்காது. யாரும் அதைக் கேட்டு, யாருடையது, எப்போது என்று அவனைக் கேட்க முடியாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் ரீல் நல்லபடியாகவே போனது. பதிவு மேசையில் இருந்த அக்காவுக்கு ஐம்பது தாண்டிய வயது. ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அக்காதான். விளக்கைப் போட்டுவிட்டுக் கையை ஆட்டினாள். பேராசிரியர் தொடங்கினார். மனிதர் மைக்கைக் கண்டதும் வகுப்பறைக்குப் போய்விட்டார். நாவலில் மாளிகைக்கு நாற்பத்தொரு கதவு, படத்தில் ஒன்பதுதான் காட்டப்படுகின்றன, அது எவ்வளவு நுட்பமான சுருக்கம் என்று பேசினார். இயக்குநர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். இரண்டு வருடமாக யாரும் அவரை நுட்பம் என்று சொன்னதில்லை. வெளியான வாரத்தில் வந்த விமர்சனங்களில் மரியாதையான வார்த்தை ‘துணிச்சல்’ என்பதுதான். அதற்குப் பிறகு அவருக்குப் படம் கிடைக்கவில்லை. நகைக்கடை விளம்பரம், பள்ளி ஆண்டுவிழா என்று காலம் போய்க்கொண்டிருந்தது.

முடிவைப் பற்றிப் பேச்சு வந்தது. நாவலில் அந்தப் பெண் கடைசிக் கதவை உடைத்துவிட்டு மழையில் நடந்துபோகிறாள். படத்தில் கடைசி அறைக்குள் தானே போய் உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறாள். நாவலைக் கொன்றுவிட்டார் என்று எழுதினார்களே, அது எவ்வளவு மடத்தனம் என்றார் பேராசிரியர். தன்னை அடைத்துவைத்தது வீடு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, அதனால்தான் அவள் வெளியே போகவில்லை என்றார். இயக்குநர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, பாம்புச்செவியின் பக்கம் சாய்ந்தார்.

“ஒத்திகையிலேயே கதவு உடைஞ்சுபோச்சு மாப்பிள்ளை. உடைக்கறதுக்குன்னு இருந்ததே ஒரு கதவு. வேற என்ன பண்றது.”

பாம்புச்செவி சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். திரையில் கதாநாயகி விளக்கோடு படியேறிக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்தபோது அவன் மனைவி பேசினாள். பேராசிரியர் அந்தக் குரலைப் புகழப்போனார். என் தங்கச்சி என்று மட்டும் சொன்னார் இயக்குநர். பேராசிரியருக்கு விஷயம் தெரியும்போல. உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அந்த அறையில் காலையிலிருந்து மூவரும் இப்படித்தான் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஈரத் தரையைச் சுற்றிப் போவதுபோல.

முதல் ரீல் முடிந்து விளக்கு அணைந்ததும் பாம்புச்செவி பட்டியலை எடுத்து நீட்டினான். இயக்குநர் பேனாவைத் திறந்தார். ஒன்று, எடு. இரண்டு, எடு. கோடு, பொட்டு, கீறல், எடு, எடு. பத்து வரை வந்துவிட்டார். பதினொன்றில் பேனா வைத்தபோது அக்கா ஸ்பீக்கரில் கூப்பிட்டாள். நேரமாகிறது, அடுத்த ரீல் ஓட்டிவிட்டுக் கையெழுத்தெல்லாம் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். இயக்குநர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பாம்புச்செவி அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஏசி நின்றது.

முப்பத்திரண்டாவது நிமிடத்தில் பேராசிரியர் விரலை உயர்த்தினார்.

“இந்த இடம். பேசாம கேளுங்க எல்லாரும். கேக்குதா? வீடு மூச்சு விடுது.”

பேராசிரியர் நிறுத்தவில்லை. நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தில், வீடு மூச்சை இழுத்தது, விட மறந்தது என்று ஒரு வாக்கியம் வருகிறது. நூறு வருடமாக யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, நானே மாணவர்களிடம் அதை அலங்காரம் என்றுதான் சொல்லியிருக்கிறேன், இந்தப் படம்தான் என் காதைத் திறந்தது என்றார். அந்த விசிலைக் கவனியுங்கள், எப்போதெல்லாம் அவளுக்கு ஒரு வழி அடைபடுகிறதோ அப்போது வருகிறது என்றார். முழுப்படத்திலும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணியும் வைத்திருந்தார். ஐம்பத்து மூன்று விநாடிக்கு ஒருமுறை தானாகச் சுற்றி வருகிற துண்டு அது என்று அவருக்கு யார் சொல்வது. கட்டுரையில் பதினொரு பக்கம் இதைப் பற்றித்தானாம்.

“இது யாருக்குத் தோணின யோசனை சார்?”

இயக்குநர் திரையைப் பார்த்தார். அப்படி ஒரு மூச்சு படத்தில் இருப்பதே அவருக்கு அந்த நிமிடம்தான் தெரியும் என்பது பாம்புச்செவிக்குத் தெரியும். முன்பு ஒருமுறை, பின்னால் என்ன ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டவர். ஆனால் இரண்டு வருடமாகச் சோறுதண்ணி இல்லாமல் கிடந்தவன் முன்னால் இலை போட்டமாதிரி அந்தக் கேள்வி விழுந்தது. மனிதர் என்ன செய்வார்.

“அது முதல்லேருந்தே என் மனசுல இருந்தது சார். மாப்பிள்ளைகிட்ட சொன்னேன், வீடு மூச்சு விடணும்யான்னு. என்ன மாப்பிள்ளை?”

“ஆமா மச்சான்” என்றான் பாம்புச்செவி.

சொன்ன பிறகுதான் உறைத்தது. வீடு மூச்சு விடுவது இப்போது இயக்குநரின் யோசனை. பதினோராவது குறைக்கு எதிரே அவர் இனிமேல் எடு என்று எழுத மாட்டார். உலகம் முழுக்க அந்தச் சத்தத்தைத் தேடித் தேடிக் கேட்கப்போகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா தாடையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அவன் எழுந்து போகலாம் என்று பார்த்தால் விளக்கு சிவப்பாக எரிந்தது.

ரீல் முடிந்ததும் முதல் வேலையாக அவன் மச்சானைப் பிடித்தான். பதினோராவது குறையைக் காட்டி, இதை எடுத்துவிடலாம், ஏதோ இயந்திரத்தின் சத்தம், புதிய ஸ்பீக்கர்களில் அசிங்கமாகக் கேட்கும் என்று சொல்லிப் பார்த்தான். இயக்குநர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இப்போதுதானே ஆமாம் என்றாய் என்றார். பேராசிரியருக்கோ உயிரே போய்விட்டது.

“இயந்திரமா? எந்த இயந்திரம் சார் இழுத்து, நிறுத்தி, விசிலடிக்கும்?”

ஏசி என்றான் பாம்புச்செவி. ஏசியைத்தான் நிறுத்திவிடுவீர்களே என்றார் அவர். பக்கத்து அறை ஏசி என்றான். இரண்டு கதவையும் தாண்டியா என்றார் அவர். இருபத்திரண்டு வருடமாகக் கடைசி பெஞ்சின் சாக்குகளைக் கேட்டுப் பழகிய மனிதர், விடவில்லை. அக்கா ஸ்பீக்கரில், பாம்பு இன்று ஏன் நெளிகிறது என்று கேட்டுச் சிரித்தாள்.

இயக்குநருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. சண்டை எதற்கு, மூன்றாவது ரீல் தொடக்கத்திலேயே அந்தச் சத்தத்தை மட்டும் தனியாக ஓடவிடலாம், பேச்சுத் தடம் கேட்கிறவர்களும் கேட்கட்டும் என்றார். இப்படியும் ஒரு விஷயம் படத்தில் இருந்தது, ஒருத்தனும் கவனிக்கவில்லை என்று தெரியட்டும் என்றார். பாம்புச்செவி வேண்டாம் என்றான். ஏன் என்றார். அதற்குள் அக்கா விளக்கைப் போட்டுவிட்டாள்.

மூவரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள். படம் ஓடவில்லை, திரை கறுப்பாக இருந்தது. வசனம், மழை, இசை எல்லாவற்றையும் அக்கா ஒவ்வொன்றாக மூடினாள். கடைசியில் அது மட்டும் மிஞ்சியது.

இழுப்பு. ஒரு நிறுத்தம். விசில். வெளியே விடுதல். மறுபடி இழுப்பு.

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். பாம்புச்செவி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஒன்றரை வருடமாக அவன் அதைத் தனியாகக் கேட்கவில்லை. குறைகளைப் பட்டியல் போட்டபோதுகூட அந்தத் தடத்தைக் கண்ணால் பார்த்தே வெட்டினான். இப்போது காதுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. எங்கே நகர்வது.

பத்து விநாடிகூட இருக்காது. இயக்குநர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார்.

“இது வீடு மாதிரி இல்லையே மாப்பிள்ளை. யாரோ பொண்ணு.”

“ம்.”

“யாரு? டப்பிங் பொண்ணுங்கள்ல ஒருத்தியா?”

சொல்லியிருக்கலாம். கூட்டக் காட்சிக்குக் குரல் கொடுக்கப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். யாரோ ஒருத்தி, பெயர் ஞாபகமில்லை என்றால் தீர்ந்தது. அவன் வாயைத் திறந்தான். அதற்குள் இயக்குநர் ஹெட்போனை மறுபடி காதோடு அழுத்தி, இன்னும் இரண்டு மூச்சு கேட்டார்.

“யாரா இருந்தாலும் சரி. அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. டாக்டர்கிட்ட போகச் சொல்லு.”

பாம்புச்செவி அவரைப் பார்த்தான். இவருக்கு ஸ்வரம் தெரியாது, தாளம் தெரியாது. படப்பிடிப்பில் விமானம் பறந்தாலும் ஓகே சொல்லிவிடுகிற ஆள். பத்து விநாடியில் சொல்லிவிட்டார். அவன் நான்கு மாதம் கேட்டான். வெட்டினான், ஒட்டினான், வேகம் குறைத்தான், விசில் நன்றாக எடுபட வேண்டும் என்று அதை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டான். ரசித்தான்.

“சின்னவ மச்சான்” என்றான்.

இயக்குநருக்கு விளங்கவில்லை. என்ன என்பதுபோல் பார்த்தார். தங்கையை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“இது சின்னவ மூச்சு. கடைசி நாள் இங்கதான் உக்காந்திருந்தா. தெரியாம பதிவாச்சு. நான்தான் வேகத்தைக் குறைச்சு எடுத்துப் போட்டேன்.”

அக்கா கைநீட்டித் தடத்தை மூடினாள். அறையில் மூன்று பேரின் மூச்சும் கேட்டது. பேராசிரியர் தன் தாள்களை அடுக்க ஆரம்பித்து, சத்தம் கேட்கிறது என்று நிறுத்திக்கொண்டார்.

இயக்குநர் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். படம் எப்போது முடிந்தது, வெளியீடு எப்போது, மருத்துவமனை எப்போது. அவர் உதடு அசைவதைப் பாம்புச்செவி பார்த்துக்கொண்டிருந்தான். குறுக்கே பேசி மறைக்க இனி ஒன்றுமில்லை.

“டாக்டர் கேட்டப்போ ரெண்டு மாசம்னு சொன்ன.”

“எட்டு மாசம்.”

“தெரிஞ்சே சொன்னியா?”

“தெரிஞ்சுதான்.”

“ஏன்?”

“நீங்க பக்கத்துல இருந்தீங்க.”

இயக்குநர் எழுந்தார். ஹெட்போனின் கம்பி இழுத்தது. அதைக் கழற்றி மேசையில் வைத்தார். கதவுவரை போனார். கைப்பிடியில் கை வைத்தார். பழக்கதோஷம், மேலே பார்த்தார். விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நிறுத்த யாரும் சொல்லாததால் அக்கா நிறுத்தியிருக்கவில்லை. இயக்குநர் எட்டு வருடமாக இந்தக் கதவுகளுக்குள் வேலை செய்தவர். விளக்கு எரியும்போது கதவைத் திறந்ததில்லை. தன் ஆட்கள் திறந்தால் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார். கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். நெற்றியை ரப்பர் ஓரத்தில் சாய்த்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பாம்புச்செவிக்கு மருத்துவமனை வராந்தாவைவிடக் கஷ்டமாக இருந்தது. அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

பேராசிரியர் மெதுவாக, தான் வெளியே இருக்கட்டுமா என்று கேட்டார். உட்காருங்கள் என்றார் இயக்குநர், திரும்பாமலே.

நாற்காலிக்குத் திரும்பி வந்தவர், பாம்புச்செவியைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துப் பேசினார். வேகத்தைக் குறைத்திருக்கிறதாமே, அதைப் பழையபடி ஆக்கிப் போட முடியுமா என்று அக்காவைக் கேட்டார். அக்கா பாம்புச்செவியைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். அவள் மேசைமேல் குனிந்தாள். அதற்கு ஒரு நிமிடம் ஆனது.

இந்த முறை பாம்புச்செவி ஹெட்போனை மாட்டிக்கொள்ளவில்லை. மச்சானின் முகத்தைப் பார்த்தான். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அவர் தலை லேசாகச் சாய்ந்தது, பக்கத்தில் யாரோ ரகசியம் சொன்னால் சாய்வதுபோல. கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை. ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தார். “எச்சி முழுங்கறா” என்றார், தனக்குத்தானே. “பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி முழுங்குவாளே.” பழைய வேகத்தில் முப்பத்தைந்து விநாடியில் துண்டு முடிந்தது. இன்னொரு தடவை என்று விரல் காட்டினார். முடிந்தது. இன்னொரு தடவை.

நான்காவது தடவைக்குப் பிறகு சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பிரித்தார்.

“எடுத்திடலாம் மச்சான்” என்றான் பாம்புச்செவி. அவன் குரல் கெஞ்சியது. “புதுத் தடம் ரெடியா இருக்கு. யாருக்கும் தெரியாது.”

“நீ நாலு மாசம் கேட்டிருக்க. நான் இன்னைக்குத்தான் கேக்கறேன்.”

பதினொன்றுக்கு எதிரே, இருக்கட்டும் என்று எழுதினார். பேனா தாளைக் கிழித்துவிடும்போல் அழுத்தி எழுதினார். குறையை வைத்துக்கொள்வதானால் அதற்கு விளக்கம் எழுத வேண்டும் என்று கீழே ஒரு கட்டம் இருந்தது. இயக்குநர் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுத் தாளைப் பாம்புச்செவியின் பக்கம் தள்ளினார். பேனாவையும் தள்ளினார்.

அவன் வெறும் கட்டத்தைப் பார்த்தான். வீட்டின் மூச்சு என்று எழுதினால் போதும், நிறுவனம் ஒத்துக்கொள்ளும். பேராசிரியர் வேண்டுமானால் ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்துக் கொடுப்பார். அவன் எழுதினான்: ‘இது இரைச்சல் அல்ல. குரல் கொடுத்தவரின் மூச்சு. அப்போதே அவருக்கு நோய் இருந்தது. ஒலித் தொகுப்பாளர் கவனிக்கவில்லை.’ எழுதியதைப் படித்துப் பார்க்காமல் திருப்பித் தள்ளினான். இயக்குநர் படித்தார். கையெழுத்துப் போட்டார்.

அக்கா ஸ்பீக்கரைத் திறந்து, தொண்டையைச் செருமினாள். இதுவரை பேசியதெல்லாம் பதிவாகியிருக்கிறது, பேச்சுத் தடத்திலிருந்து வெட்டிவிடவா என்றாள். கேள்வி பொதுவாகத்தான் இருந்தது. ஆனால் இயக்குநர் பதில் சொல்லவில்லை. பேராசிரியர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் அவன்தான் சொல்ல வேண்டும். வெட்டு என்றால் வெட்டிவிடுவாள். கட்டத்தில் எழுதியதை நிறுவனத்தில் ஒரு குமாஸ்தா படித்துக் கோப்பில் போட்டுவிடுவான். அவனைத் தவிரத் தெரிந்தவர்கள் மூன்றே பேர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளையும் சேர்த்து.

“இருக்கட்டும்க்கா.”

மூன்றாவது ரீல் ஓடத் தொடங்கியது. கதாநாயகி மேல்மாடிக் கதவு ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனாள். வழக்கமாக இந்த இடத்தில் பேராசிரியருக்குச் சொல்ல நிறைய இருக்கும். அவர் தாள்களைத் திருப்பிவிட்டு வாய் திறக்கவில்லை. இயக்குநர் திரையைக் காதால் பார்க்கிறவர்போல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யாரும் பேசாமல் ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. பேச்சுத் தடத்தில் இவ்வளவு நேரம் பேச்சில்லாமல் விடக்கூடாது. அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைச் சுழற்றிக் காட்டினாள். இன்னும் மூன்று ரீல் இருந்தது.

பாம்புச்செவி மைக்கை இழுத்துக்கொண்டான். படத்துக்கு ஒலி தொகுத்தவன் பேசுகிறேன் என்றான். வீட்டுக்குள் நடக்கிற காட்சிகளிலெல்லாம் ஒரு சத்தம் கேட்கும், அது இந்த அறையில் ஒரு சாயங்காலம் ஆறேகாலுக்குப் பதிவானது என்றான். அன்று அவள் எத்தனை பக்கம் பேசினாள், இடையில் எத்தனை தடவை தண்ணீர் கேட்டாள், படியேறி வந்ததும் ஏன் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான். எல்லாம் அப்போதே கண்ணில் பட்டிருந்தன. சொல்லச் சொல்லத்தான் அவை வரிசையாக வந்து நின்றன. ஏசி இல்லாத அறையில் அவன் குரல் காய்ந்து கொஞ்சம் உயர்ந்தது.

இயக்குநர் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கினார்.

“மெதுவா பேசு. அவ மூச்சு கேக்கல.”

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொன்னான்.